அடி வாங்குகிறவனைக் கட்டிப் பிடித்தவர்

அவரை முதலில் வாசனையால்தான் அறிந்தேன். மோட்டாருக்குப் பூசும் வார்னிஷின் வாசனை. அப்போது என் முகம் அவர் மார்பில் அழுந்தியிருந்தது. என் மூக்கிலிருந்து வழிந்த இரத்தம் அவர் சட்டையை நனைத்துக்கொண்டிருந்தது.

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துச் சாலை. என் ஸ்கூட்டர் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் சைக்கிள் மேல் மோதி, அவள் கால் முறிந்துவிட்டது. தவறு என்னுடையது. வளைவில் வேகமாக வந்தேன். வயலில் நின்றவர்கள் ஓடி வந்தார்கள். முதல் அறையில் கண்ணாடி போயிற்று. அடுத்த அடியில் கீழே விழுந்தேன். அதற்குப் பிறகு கால்களால் உதைத்தார்கள். தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் தமிழ் விரிவுரையாளனாக இருந்த எனக்கு அதுவரை யாரும் என் மேல் கை வைத்த அனுபவம் இல்லை. செத்துவிடுவேன் என்று நினைத்தேன். அப்போது ஒருவர் என் மேல் விழுந்து, என்னை முன்பக்கமாக இறுகக் கட்டிக்கொண்டார். எனக்கு வந்த அடிகள் அவர் முதுகில் விழுந்தன. அந்த ஓசை அவர் மார்பு வழியாக என் காதுக்குள் வந்தது, களத்தில் கதிர் அடிப்பது போல.

"அசையாதீங்க சார்," என்றார் காதருகே. "ரெண்டு நிமிஷம்தான்."

"மாமா, விலகுங்க மாமா! உங்க மேல படுது!" என்று யாரோ கத்தினார்கள்.

"படட்டும்டா. முடிச்சிட்டீங்களா, இன்னும் மிச்சம் இருக்கா? இத்தனை பேரு இருக்கீங்களே, அந்தப் புள்ளைய எவனாவது தூக்கினீங்களாடா?"

அடி நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் வாய்க்கால் கரையில் காலைப் பிடித்துக்கொண்டு தனியாக அழுதுகொண்டிருந்தாள்.

அவருக்குத் திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவில் மோட்டார் காயில் கட்டும் கடை. கோடையில் லோ வோல்டேஜில் எரிந்துபோன பம்புசெட் மோட்டார்கள் வாசலில் வரிசையாகக் கிடக்கும். அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தாமிரக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருப்பார். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் முஸ்லிம்களும் மற்றவர்களும் ஒருவரையொருவர் மாமன் மச்சான் என்று கூப்பிடுவது பழைய வழக்கம். சுற்றுவட்டாரத்துக்கே அவர் மாமாதான். கடைத்தெருவில் எங்காவது குரல் உயர்ந்தால் கம்பியைக் கீழே வைப்பார். செருப்பில்லாமல் நடப்பார். ஓடமாட்டார். ஓடினால் நாமும் சண்டைக்கு வருகிறோம் என்று நினைத்துவிடுவார்களாம்.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. நான் வேறு யாரிடமும் அதைப் பார்த்ததில்லை. சண்டையை விலக்குகிறவர்கள் எல்லோரும் அடிக்கிறவனைத்தான் பிடிப்பார்கள். அவர் அடி வாங்குகிறவனைப் பிடிப்பார்.

"அடிக்கிறவனப் புடிச்சா அவனுக்கு வெறி கூடும் சார். திமிறுவான். அடி வாங்குறவனக் கட்டிப் புடிச்சுக்கணும். அப்ப அடிக்கிறவனுக்கு அடிக்க எடம் இருக்காது. என் முதுகு மட்டும்தான் இருக்கும். நம்மமேல அவனுக்கு என்ன கோவம்? ரெண்டு அடி அடிச்சுட்டு அவனே வெக்கப்பட்டு நிப்பான்."

"உங்களைப் பிடிக்காதவன் இருந்தால்?"

"அப்ப மூணு அடி."

அவர் உடம்பெல்லாம் பிறருடைய சண்டைகள். இடது புருவத்தைக் கிழித்துக்கொண்டு போன தழும்பு, அண்ணன் தம்பிகளின் பாகப்பிரிவினையில் விழுந்த சைக்கிள் செயின். வலது கைச் சுண்டுவிரலில் மேல்கணு கிடையாது. அறுவடை மெஷின் வந்த புதிதில், கூலி போன ஆட்கள் மெஷின் டிரைவரைக் கருக்கரிவாளோடு சூழ்ந்தபோது போனது. முதுகை நான் ஒருமுறைதான் பார்த்தேன். அவர் மனைவி மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஊர்ச் சண்டை அம்புட்டும் இங்கதான் இருக்கு, பாத்துக்குங்க சார்," என்றார் அந்த அம்மாள். "ஏங்க, ஒங்களுக்குன்னு ஒரு சண்டையாவது போட்டிருக்கீங்களா?"

"ஒன்னக் கட்டிக்கிட்டது போதாதா?"

அவர் சிரித்தார். அந்த அம்மாள் பற்றை இன்னும் கொஞ்சம் அழுத்திப் போட்டார். அவர் "அல்லா!" என்று கத்தினார்.

ஒருமுறை கல்யாண வீட்டில் இரண்டு மைத்துனர்கள் பந்தியிலேயே கரண்டியால் அடித்துக்கொண்டார்கள். இவர் போய் இளையவனைக் கட்டிக்கொண்டார். "எங்க குடும்பத்துல நீ யாருய்யா?" என்று இரண்டு பேரும் சேர்ந்து இவரை அடித்தார்கள். உதடு வீங்கிப்போய்க் கடைக்கு வந்தவர், "ஒத்துமையாயிட்டானுங்க சார்," என்று திருப்தியோடு சொன்னார்.

ஏன் இப்படி என்று கேட்டேன். குவைத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்திருக்கிறார். ஒரு கொட்டகையில் நாற்பது ஆட்கள், ஒரே தண்ணீர்க் குழாய். முறை யாருடையது என்பதில் நம் ஊர்க்காரர்கள் இரண்டு பேருக்குள் சண்டை. ஒருவன் இரும்புக் குழாயால் மற்றவன் மண்டையைப் பிளந்தான். ஒரே அடி இல்லை. ஏழெட்டு அடி.

"நாப்பது பேரு சுத்தி நின்னோம் சார். அதுல நானும் ஒருத்தன். அடி விழுந்துட்டேதான் இருந்துச்சு. எவனும் போகல. அடி வாங்குனவன் என்னத்தான் பாத்தான்."

அவர் இதைச் சொல்லும்போது நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு, இது கதைக்கு உதவாது என்று அந்தப் பக்கத்தைக் குறுக்கே அடித்துவிட்டேன்.

ஏனென்றால் அப்போது நான் தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். கேபிள் இணைப்பு கிராமத்து ஓட்டு வீடுகளுக்குள்ளும் வந்துவிட்ட காலம். வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருந்தார்கள். அவர்கள் அனுப்பிய டிவி முன்னால் மீதிப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் தொடர் டெல்டா குடும்பம் ஒன்றின் கதை. அதில் பக்கத்து வீட்டு முஸ்லிம் ஒருவர் வேண்டியிருந்தது.

நான் கத்தோலிக்கன். தொடர்களில் எங்கள் ஆட்களைக் குடிகாரர்களாகவும், எங்கள் பெண்களைக் குட்டைப் பாவாடையோடும் காட்டும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதேபோல் முஸ்லிம்கள் என்றால் அரைகுறை இந்தியில் தமிழைக் கடித்துத் துப்புவதாக எழுதுகிறார்களே, நான் அப்படி எழுதக்கூடாது என்று முடிவு செய்தேன். உண்மையாக எழுதவேண்டும். அதற்காக அவர் கடையில் மாதக்கணக்கில் உட்கார்ந்தேன். அவர் எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்தார்.

"எங்க வீட்ல அப்பாவ 'அத்தா'ம்போம் சார். எங்களுக்கு உருதும் தெரியாது, இந்தியும் தெரியாது. திட்டுறதுகூட தமிழ்லதான், வேணும்னா அவளக் கேளுங்க."

அவர் நடை, செருப்பில்லாத கால், புருவத் தழும்பு, கணு இல்லாத விரல், பேச்சின் இழுவை, மனைவியின் நக்கல், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். அவர் முறையையும் எடுத்துக்கொண்டேன். தொழிலை மட்டும் மாற்றி மரக்கடை வைத்திருக்கும் மரவாடிக்காரர் ஆக்கினேன். அந்த ஒரு மாற்றத்துக்கு நான் கற்பனை என்று பெயர் வைத்திருந்தேன்.

முதல் சில மாதங்கள் அவர் மிதந்தார். அவர் பேசுகிற மாதிரியே பேசுகிற ஒரு மனிதர் டிவியில் வந்தார். அடி வாங்குகிறவனைக் கட்டிப் பிடித்துக் காப்பாற்றினார். கடைத்தெருவில் சிறுவர்கள்கூட, "மாமா, நேத்து டிவியில ஒங்களப் பாத்தோம்," என்றார்கள். எனக்கு ஒரு கிலோ பேரீச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தார். "எங்க வீட்டு ஆளு ஒருத்தர டிவியில பாக்க இத்தன வருஷம் ஆச்சு சார்," என்றார்.

பிறகு தொடருக்குப் பார்வையாளர்கள் குறைந்தார்கள். இயக்குநர் கூப்பிட்டார்.

"சார், கதாநாயகியோட தம்பியச் சாகடிச்சிரலாம். யாரு கையால செத்தா ஜனங்க பதறுவாங்க?"

இந்த இடத்தில் நான் பொய் சொல்லக்கூடாது. யோசனை இயக்குநருடையது அல்ல, என்னுடையது. எல்லோரும் நம்புகிற ஒருவர் செய்தால்தான் பதறுவார்கள் என்றேன். ஒரு தெருச் சண்டை. தம்பியை நான்கு பேர் அடிக்கிறார்கள். மரவாடிக்காரர் வழக்கம்போல ஓடாமல் நடந்து வந்து அவனைக் கட்டிப் பிடிக்கிறார். பார்க்கிறவர்கள் நிம்மதியடைகிறார்கள். ஆனால் பிடி இறுகுகிறது. அவன் திமிறுகிறான். பின்னாலிருந்து கத்தி இறங்குகிறது. இவர் பிடித்துக் கொடுத்திருக்கிறார். கேமரா அவர் புருவத் தழும்புக்கு அருகே போகிறது. காட்சியைப் படித்து முடித்தபோது இயக்குநர் எழுந்து என் கையைக் குலுக்கினார்.

அந்தப் பிடிக்குள் இருந்தவன் நான். அதற்குள் என்ன இருக்கும் என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

தொடர் பிழைத்துக்கொண்டது. பேருந்தில் முன்பின் தெரியாதவர்கள் என்னோடு பேசினார்கள். அவர் ஒரு மாதம் கழித்துத் தஞ்சாவூருக்கு என் வீட்டைத் தேடி வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"முந்தாநாள் பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பசங்க அடிச்சுக்கிட்டானுங்க. நான் போனேன். ஒருத்தன் சிரிச்சுக்கிட்டே கேக்குறான், 'என்ன பாய், யாருக்குப் புடிச்சுக் குடுக்கப் போறீங்க?'ங்குறான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்." தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மாமான்னு கூப்புட்ட பய சார் அவன்."

"அது கதை பாய். கலைஞனுக்குக் கொஞ்சம் சுதந்திரம் வேண்டாமா? யார் நிஜமென்று நினைக்கப்போகிறார்கள்?"

"மத்த சீரியல்ல தொப்பி போட்டுக்கிட்டு ஒருத்தன் வந்து கத்திய எடுத்தா, அது யாருன்னு எவனுக்கும் தெரியாது சார். அது எவனோ. நீங்க எழுதுனது அப்படி இல்லியே. எம் மக பாத்துட்டு, 'அத்தா, இது நீங்கதானே?'ன்னு கேக்குது. விரல மொதக்கொண்டு காட்டிட்டீங்க. அம்புட்டும் நிசம். அதனால கடைசியில சொன்னதும் நிசம்னு ஆயிப்போச்சு."

நான் மேஜைமேல் கிடந்த வசனத் தாள்களை ஓரமாக அடுக்கினேன்.

"நான் வெறுங்கையோட நடுவுல போறேன் சார். எதை நம்பிப் போறேன்? மாமா வந்தா சண்டைய நிறுத்தத்தான் வருவாருன்னு எல்லாருக்கும் தெரியும், அத நம்பித்தானே? அது போச்சுன்னா நான் செத்தேன். ஒரே ஒரு வரி எழுதுங்க. அவரு காப்பாத்தத்தான் புடிச்சாரு, தெரியாம நடந்துபோச்சுன்னு யாராச்சும் ஒருத்தரு பேசுற மாதிரி."

"பார்க்கிறேன்," என்றேன்.

எழுத முடியாமல் இல்லை. எழுதியிருந்தால் அந்தக் காட்சி செத்துப்போகும். அவரைவிட அந்தக் காட்சி எனக்குப் பெரிதாக இருந்தது. பார்த்தேன், எழுதவில்லை.

குறுவை அறுவடை முடிந்த சமயம். நெல் கொள்முதல் நிலையக் களத்தில் குவியல் குவியலாக நெல் கிடந்தது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் யாருடைய குவியல் எடைக்குப் போவது என்பதுதான் எல்லோருக்கும் பிரச்சினை. நானும் என் பங்கு நிலத்து நெல்லோடு அங்கே நின்றேன். அவர் தூற்றும் மெஷினின் மோட்டாரைப் பழுது பார்க்க வந்திருந்தார். சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த ஓர் இளைஞன், பக்கத்துக் குவியலை முன்னால் தள்ளுகிறார்கள் என்று கத்தினான். பக்கத்துக் குவியல்காரரின் இரண்டு மகன்கள் அவன் மேல் பாய்ந்தார்கள். ஒருவன் நெல் தள்ளும் பலகையைத் தூக்கினான். இன்னொருவன் கையில் மூட்டை தூக்குகிற கொக்கி. பலகை இளைஞனின் தோளில் விழுந்தது. கொக்கி தொடையைக் கிழித்தது. நெல்லின் மேல் இரத்தம் தெறித்தது.

அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு நடந்து போனார். இளைஞனைக் கட்டிக்கொண்டார். இளைஞன் பயத்தில் திமிறினான். அவர் பிடியை இறுக்கினார்.

"டேய், பாய் புடிச்சுக்கிட்டான்டா! புடிச்சுக் குடுக்குறான்டா!"

இளைஞனின் உறவுக்காரர்கள் கத்திக்கொண்டே களத்தின் மறுபுறத்திலிருந்து ஓடி வந்தார்கள். முதல் பலகை அவர் முதுகில் விழுந்தது. அவர் அசையவில்லை. அவருக்கு அது பழக்கமான அடி. சீக்கிரம் வெட்கப்பட்டு நிற்பார்கள் என்று காத்திருந்தார். யாரும் நிற்கவில்லை. அவர் விடாமல் பிடிக்கப் பிடிக்க அவர்களுக்கு வெறி ஏறியது. எங்கள் பையனை விடுடா என்று சொல்லிச் சொல்லி அடித்தார்கள். அவன் மேல் அடி படக்கூடாது என்று அவர் இன்னும் இறுக்கினார். பிடரியில் ஒன்று விழுந்தது. பச்சை மட்டை முறிகிற ஓசை கேட்டது. அப்போதும் கை விடவில்லை. ஒருவன் கொக்கியால் அவர் தோள்பட்டையில் மாட்டி இழுத்தான்.

நான் இருபதடி தூரத்தில் நின்றேன். அவர் காப்பாற்றுகிறார் என்று அங்கே தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை என்று பல வருஷங்கள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பயந்துவிட்டேன் என்று பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். அதுவும் முழு உண்மை இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிடி இறுகுவது, அவன் திமிறுவது, கூட்டம் பதறுவது எல்லாம் நான் எழுதிய வரிசையிலேயே நடந்தன. சரியாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று ஒரு கணம் என் மனம் நினைத்தது. அந்த ஒரு கணத்தில் அவர் விழுந்துவிட்டார்.

பிழைத்தார். கழுத்து திரும்பாது. யாரையாவது பார்க்கவேண்டுமென்றால் உடம்பையே திருப்பவேண்டும். கைகள் தோளுக்கு மேல் எழாது. அதோடு விடவில்லை. இளைஞனைப் பிடித்துக் கொடுத்ததாக அவர் மேலும் வழக்குப் போட்டார்கள். பக்கத்துக் குவியல்காரருக்கும் அவருடைய இரண்டு மகன்களுக்கும் அடுத்து இவர் நான்காம் எதிரி. அந்த இளைஞனே, "அவர் பிடித்ததால்தான் என்னால் ஓட முடியவில்லை," என்று சாட்சி சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினான்.

அவர் மனைவி என்னிடம் வந்தார். "நீங்க பாத்தத மட்டும் சொல்லுங்க சார். வேற ஒண்ணும் வேணாம்."

போய்ச் சொன்னேன். அவர் காப்பாற்றத்தான் பிடித்தார், அது அவர் வழக்கம், என்னையும் அப்படிக் காப்பாற்றியிருக்கிறார் என்றேன். அரசு வக்கீல் எழுந்தார். கையில் ஒரு வார இதழ். அதில் என் பேட்டி.

"'என் பாத்திரங்கள் எல்லாம் நான் நேரில் கண்டவர்கள், நான் எதையும் இட்டுக்கட்டுவதில்லை.' இது நீங்க சொன்னதுதானே?"

"ஆமாம்."

"தொடர்ல வர்ற மரவாடிக்காரர், இந்த நான்காம் எதிரிதானே?"

"...ஆமாம்."

"அவர் ஆளப் பிடிச்சுக் கொடுக்கிறதா எழுதினீங்க. அது நேரில் கண்டதா, இட்டுக்கட்டினதா?"

"கற்பனை."

"அப்ப வேணுங்கும்போது நிஜம்னு சொல்வீங்க, வேணுங்கும்போது கற்பனைன்னு சொல்வீங்க. இப்ப சாட்சி சொன்னீங்களே, அது ரெண்டுல எது சார்?"

கோர்ட்டில் சிரித்தார்கள். பொய் எழுதினேன் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். தமிழ் படித்தவனுக்கு அந்தச் சொல் தெரியாமல் இல்லை. கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். அவர் மொத்த உடம்பையும் திருப்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்தேகத்தின் பலனைக் கொடுத்து அவரை விடுதலை செய்தார்கள். குற்றமற்றவர் என்று யாரும் சொல்லவில்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குவைத்திலிருந்து வந்திருந்த மூத்த மகன் கதவைத் திறந்தான்.

"நீங்கதானா அந்த ஆளு?"

"உங்க அத்தாகிட்ட ஒரு வார்த்தை..."

முதல் அறை காதில் விழுந்தது. "கழுத்த ஒடச்சிட்டு வார்த்த பேச வந்தியா?" அடுத்தது முஷ்டி. ஒரு பல் நாக்கின் மேல் உதிர்ந்தது. சுவரோடு சரிந்தேன். அவன் விலாவில் உதைத்தான். திருப்பி அடிக்க எனக்கு உரிமை இல்லை என்று தெரிந்தது. ஓடவும் இல்லை.

நாற்காலி நகர்ந்தது. அவர் எழுந்தார்.

"வேணாங்க," என்றார் அந்த அம்மாள் உள்ளிருந்து வந்து. "இந்த ஒரு தடவ சும்மா இருங்க."

அவர் நடந்து வந்தார். வெறும் கால்கள் என் முகத்துக்கு அருகே வந்து நின்றன. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போதும் அவர் என்னைக் கட்டிக்கொள்வார் என்று காத்திருந்தேன். குனிய முடியாத கழுத்தோடு, கண்களை மட்டும் தாழ்த்தி அவர் கேட்டார். குரலில் கேலி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"சார், இப்ப நான் உங்களப் புடிச்சா, அத என்னன்னு எழுதுவீங்க?"

வாயில் இரத்தம் நிறைந்திருந்தது.

மகன் மறுபடியும் காலை ஓங்கினான். அவருடைய கைகள் பாதிவரை எழுந்து, அங்கேயே நின்றன.